காலை வழிபாட்டில் நான் சொன்ன ஐந்து கிராம்
(பணியிடைப் பயிற்சி முகாமில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



மனித உடலில் நுண்நெகிழி என்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். 5 மில்லிமீட்டருக்கும் சிறிய நெகிழித் துகள்களை அப்படிச் சொல்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். நான் செய்த தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், "நாம் ஒவ்வொருவரும் வாரந்தோறும் ஓர் ஏடிஎம் அட்டை அளவு, அதாவது 5 கிராம் நெகிழியை விழுங்குகிறோம்" என்று பேசினேன். செய்தியில் படித்ததுதான். பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமை. அடுத்த வாரம் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி பிற்பகலில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். விசாரித்தால், நான்கு நாளாகப் பள்ளியில் தண்ணீரே குடிக்கவில்லை. பங்குனி வெயில் வேறு. "வீட்டுல இருந்து கொண்டு வர்ற பாட்டிலும் பிளாஸ்டிக், நம்ம ஸ்கூல் டேங்கும் பிளாஸ்டிக். வேற எதுல குடிக்கிறது சார்?" என்றாள்.

அதன் பிறகுதான் அந்த 5 கிராம் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். 2019-ல் உலக இயற்கை நிதியம் அதைப் பரப்பியது. ஆய்வாளர்களின் கணக்கில் இருந்தது 0.1 முதல் 5 கிராம் வரை; செய்தியில் மேல் எல்லை மட்டும் நின்றது. துகள்களை எண்ணியவர்கள் பலர். எடை போட்டவர்கள் குறைவு. ஒரு துகளின் எடை இவ்வளவு இருக்கும் என்று வைத்துப் பெருக்கினார்கள். 2021-ல் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தார் எட்டு வகை உணவு, பானங்களையும் காற்றையும் சேர்த்துக் கணித்தபோது, பெரியவர் ஒருவருக்கு வாரத்துக்குக் கிடைத்த நடு மதிப்பு சுமார் 4 மைக்ரோகிராம். இரண்டுக்கும் பத்து லட்சம் மடங்குக்கு மேல் வேறுபாடு! ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் குறியீடு நடத்தும்போது இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

அதற்காக, "எல்லாம் புரளி, கவலைப்படாதே" என்று சொல்லிவிடவும் முடியாது. 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் 22 பேரின் ரத்தத்தைச் சோதித்து 17 பேரிடம் நெகிழியைக் கண்டார்கள். 2024-ல் இத்தாலிய மருத்துவர்கள், கழுத்துத் தமனியிலிருந்து அகற்றிய கொழுப்புப் படிவுகளைச் சோதித்தார்கள். 257 நோயாளிகளில் 150 பேரின் படிவில் பாலிஎத்திலீன் இருந்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், நெகிழி இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றின் ஆபத்து சுமார் நான்கரை மடங்கு. நெகிழிதான் காரணம் என்று இந்த ஆய்வு நிறுவவில்லை. ஆனால் அலட்சியமாகத் தள்ளக்கூடிய எண்ணும் இல்லை.

அளப்பதிலேயே சிக்கல் இருக்கிறது. திசுவைச் சூடாக்கி, வெளிவரும் ஆவியை வைத்து நெகிழியை அடையாளம் காணும் முறை ஒன்று உண்டு. உடலின் கொழுப்பைச் சூடாக்கினாலும் பாலிஎத்திலீன் தருவது போன்ற ஆவிகள் வரும். மூளையில் கொழுப்பு மிகுதி. அதனால்தான் 2025-ல் வெளிவந்த மூளை ஆய்வின் அளவுகளைப் பற்றி வேதியியலாளர்கள் கேள்வி எழுப்பினார்கள்.

இதை வகுப்பில் காட்ட ஒரு வழி. கிணற்று நீரை ஒரு வடிதாளிலும், காய்ச்சி வடித்த நீரை இன்னொரு வடிதாளிலும் வடிகட்டி நுண்ணோக்கியில் பாருங்கள். முதல் தாளில் நீலமும் சிவப்புமாக இழைகள் தெரிந்ததும் பிள்ளைகள் கூச்சலிடுவார்கள். இரண்டாவதைப் பார்க்கும்போது கூச்சல் அடங்கும். அதிலும் இழைகள் இருக்கும். எங்கிருந்து வந்தன? எங்கள் வகுப்பில் ஒரு பையன்தான் கண்டுபிடித்தான்: சீருடையிலிருந்து! எங்கள் சீருடை பாலியெஸ்டர் கலந்த துணி. பருத்தியா பாலியெஸ்டரா என்று நம் நுண்ணோக்கி உறுதியாகச் சொல்லாது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆய்வகங்களில் பருத்தி மேலங்கி அணிவதும், கண்ணாடிக் கலன் பயன்படுத்துவதும், வெற்றுச் சோதனை செய்து கழிப்பதும் ஏன் என்று அன்று விளக்கவே தேவைப்படவில்லை.

வீட்டுக்கு என்ன சொல்லி அனுப்புவது? சூடான சாம்பாரையும் டீயையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்காமல் தூக்குவாளி கொண்டுபோகலாம். தண்ணீரைக் கொதிக்கவைத்து வடிகட்டலாம். 2024-ல் சீனாவின் குவாங்சோ ஆய்வாளர்கள், கடினநீரைக் கொதிக்கவைக்கும்போது படியும் சுண்ணாம்பு, நெகிழித் துகள்களைப் பிடித்துக்கொள்கிறது என்றும், வடிகட்டினால் 90 சதவீதம் வரை நீங்குகிறது என்றும் கண்டார்கள். மென்னீரில் அவ்வளவு நீங்காது. பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது என்று நாம் சலித்துக்கொள்ளும் தண்ணீருக்கு இப்படியொரு நன்மை! ஆனால் எவர்சில்வர் பாட்டில் வாங்க முடியாத பிள்ளையிடம், இருக்கிற பாட்டிலில் தண்ணீர் குடி என்றுதான் நான் சொல்வேன். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருப்பதன் தீங்கில் எந்த ஐயமும் இல்லை.

அந்த மாணவியிடம் தனியாகப் பேசியது போதாது என்று, அதே வழிபாட்டுக் கூட்டத்தில் நின்று நான் சொன்ன எண் தவறு என்று சொன்னேன். கூட்டம் முடிந்ததும் அவளே வந்தாள். "அப்போ சரியான நம்பர் எது சார்?" என்றாள். இன்னும் அளந்துகொண்டிருக்கிறார்கள் அம்மா என்றேன். வாட்டர் பாட்டிலைத் திறந்து குடித்துக்கொண்டே வகுப்புக்குப் போனாள்.

பின்வரிசை மேசைகளில் நுண்ணோக்கிகளும் வடிதாள்களும் வைத்திருக்கிறேன். தேநீர் இடைவேளைக்குப் பின் உங்கள் பாட்டில் தண்ணீரோடு வாருங்கள். வெற்றுத் தாளை முதலில் பார்த்துவிடுவோம்.