மூச்சை எண்ணுங்கள்

(மருத்துவமனையைத் தாங்குவோர் கூட்டத்தில் அளிக்கப்பட்ட உரை)

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஊழியப் பங்காளர்களே,

நீங்கள் அனுப்பும் காணிக்கைகள் எவ்விதமாய்ப் பயன்படுகின்றன என்பதை இன்று ஒரே ஒரு வியாதியைக் கொண்டு சொல்ல விரும்புகிறோம். அது நிமோனியா.

நுரையீரலின் சிறு காற்றறைகளில் சீழும் நீரும் கட்டிக்கொள்வதே நிமோனியா. இதனால் இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019ஆம் ஆண்டில் மட்டும் 5 வயதுக்குட்பட்ட 7,40,000 குழந்தைகள் இவ்வியாதியால் மரித்தார்கள். மலிவான மருந்து இருக்கிறது. ஆனாலும் அநேக தாய்மார் நெஞ்சுச்சளிதானே என்றிருந்து, கைமருந்து கொடுத்துப் பார்த்து, பிள்ளை துவண்ட பின்பே தூக்கி வருகிறார்கள். தாமதமாகும் அந்த இரண்டொரு நாளே உயிரைப் பறிக்கிறது.

ஆகவே எங்கள் கிராம ஊழியைகளுக்கு முதலாவது கற்றுக்கொடுப்பது மூச்சை எண்ணுவதே. விநாடி முள் உள்ள ஒரு கடிகாரம் போதும். பிள்ளை அழாமலும் பால் குடிக்காமலும் அமைதியாயிருக்கும்போது, முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 2 மாதத்திற்குட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குள் 50, அதற்குமேல் 5 வயதுவரை 40 அல்லது அதற்கு அதிகமாக இருந்தால் அது வேகமூச்சு. மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி குழி விழுந்தாலும், பால் குடிக்க முடியாமற்போனாலும், வலிப்பு கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும்.

முதியோருக்கோ சிலசமயம் காய்ச்சலே இராது. திடீரென்று மனம் தடுமாறிப் பேசுவதே முதல் அடையாளமாயிருக்கும். மூச்சு நிமிடத்திற்கு 30ஐ எட்டினாலும், இரத்த அழுத்தம் தாழ்ந்தாலும் அது ஆபத்து. இருமல் இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் காசநோய்க்காகச் சளியைச் சோதிக்கிறோம்.

வேகமூச்சு மட்டுமே உள்ள பிள்ளைக்கு அமாக்ஸிசிலின் கொடுத்து வீட்டுக்கு அனுப்பி, மூன்றாம் நாள் மறுபடியும் பார்க்கிறோம். சிசுக்களையும் கடுமையான நோயாளிகளையும் சேர்த்துக்கொண்டு ஊசி மருந்து கொடுக்கிறோம். விரலில் மாட்டும் சிறு கருவி பிராணவாயுவின் அளவு 90 சதவீதத்திற்குக் கீழ் என்று காட்டினால், ஆக்ஸிஜன் கொடுக்கிறோம். அறைக் காற்றிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரத்திற்கு மின்சாரம் நிற்கக்கூடாது. மின்தடை வரும் இரவுகளில் ஜெனரேட்டருக்கு ஊற்றும் டீசல் உங்கள் காணிக்கையே.

வருமுன் காப்பதும் எங்கள் ஊழியமே. நிமோகாக்கஸ் தடுப்பூசி 2017இல் இந்திய அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, 2021 முதல் நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. 6ஆம் வாரம், 14ஆம் வாரம், 9ஆம் மாதம் என்று மூன்று முறை இலவசமாகப் போடுகிறார்கள். தவறவிட்ட பிள்ளைகளை எங்கள் ஊழியைகள் வீடுவீடாய்த் தேடிச் செல்கிறார்கள். 6 மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்கவும், அடுப்புப் புகை படாமல் பிள்ளையைக் கிடத்தவும், கைகளைச் சோப்பிட்டுக் கழுவவும் தாய்மாருக்குச் சொல்லுகிறார்கள்.

அன்பானவர்களே, நீங்களும் உங்கள் வீட்டிலும் சபையிலும் இருக்கும் பிள்ளைகளுக்காக மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். அறிந்ததை அயலாருக்கும் சொல்லுங்கள். மழையிலும் குளிரிலும் கிராமங்களுக்குச் செல்லும் ஊழியைகளுக்காகவும், இரவில் கண்விழிக்கும் செவிலியருக்காகவும் ஜெபியுங்கள். ஒரு பிள்ளை சுகமாய் வீடு திரும்பும் ஒவ்வொரு நாளும் உங்களை நினைத்துக் கர்த்தரைத் துதிக்கிறோம்.

அவருடைய ஊழியத்தில்,
மருத்துவமனைக் குடும்பத்தார்