ஏலத்தில் சொற்கள்: தேடுபொறியும் இலக்கியத் தளங்களும்



அச்சேறிய நூல்கள் எவர் கைக்கும் எட்டாமல் கட்டுக்கட்டாகப் பரணில் கிடப்பதுண்டு. இணையத்தில் ஏற்றிய நூலுக்கும் அத்தகைய பரண் உண்டு. ஒரு தளத்தை அமைத்துக் கவிதைகளை அதில் இட்டுவிட்டால் உலகமே படிக்கும் என்பது அழகிய நம்பிக்கை. ஆயினும் உலகம் படிப்பதற்கு முன் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துத் தரும் பணி இன்று பெரும்பாலும் தேடுபொறிகளிடம் உள்ளது. அவற்றின் முதற்பக்கத்தில் நிற்பதற்குப் பணம் ஒரு வழி. மதிப்பு மற்றொரு வழி. பணமில்லாத இலக்கியத் தளம் இரண்டாம் வழியில் எவ்வளவு தொலைவு செல்ல முடியும் என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

தேடுபொறி தமிழ் அறியாத விந்தையன்று. உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் செய்யுள் முதற்குறிப்பகராதியும் அரும்பத அகராதியும் சேர்த்தார். எந்தச் சொல் எங்கே உள்ளது என்று காட்டும் அடைவுகள் அவை. தேடுபொறியின் நிரலும், இணைப்புகளைப் பற்றிக்கொண்டு பக்கம் பக்கமாகச் சென்று, கண்ட சொற்களையெல்லாம் ஒரு பெருஞ் சொல்லடைவில் பதிகிறது. வினவுபவர் தேடுவது முன்பே தொகுத்து வைத்த அவ்வடைவைத்தான். அதில் ஏறாத பக்கம், எத்துணைச் சிறந்ததாயினும், தேடுவார்க்கு இல்லாததே.

ஒரு சொல் பல இலட்சம் பக்கங்களில் வருமாயின் எதனை முதலில் காட்டுவது? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும் 1998இல் வெளியிட்ட கட்டுரை இவ்வினாவுக்கு ஒரு விடை கூறியது. ஆய்வுலகில் ஒரு கட்டுரையைப் பிறர் எத்துணை மேற்கோள் காட்டுகின்றனர் என்பதைக் கொண்டு அதன் மதிப்பை அளப்பர். அவ்வாறே, ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் இணைப்புத் தருகின்றன, அவ்வாறு தருவன எத்தகைய மதிப்புடையன என்று கணக்கிட்டு அவர்கள் வரிசைப்படுத்தினர். பழந்தமிழ் நூல்களின் முன்னே நின்ற சாற்றுகவிகளை நினைவுகூர்ந்தால் இது எளிதில் விளங்கும். யாரோ பத்துப் பேர் பாடிய சாற்றுகவியைவிடப் பெரும்புலவர் ஒருவர் பாடியது எடை மிக்கது. இன்றைய வரிசைமுறையில் வேறு பல கணக்குகளும் சேர்ந்துள்ளன. எனினும் இணைப்பு இன்றும் ஒரு சாற்றுகவியே.

அக்கட்டுரையின் பின்னிணைப்பில் சுவையான செய்தி ஒன்றுண்டு. விளம்பர வருவாயால் நடக்கும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரம் தருவோர் பக்கம் சாயும் என்று இருவரும் அங்கே எச்சரித்தனர். அவ்வாண்டிலேயே கூகுள் நிறுவனத்தைத் தொடங்கிய அவர்கள், 2000 அக்டோபரில் ஆட்வேர்ட்ஸ் என்னும் விளம்பரத் திட்டத்தையும் தொடங்கினர். 2018 முதல் அது கூகுள் ஆட்ஸ் எனப்படுகிறது. எச்சரித்தவர்களே அவ்வருவாயால் பெருஞ்செல்வர் ஆயினர்.

சொற்களை ஏலம் விடும் வழக்கத்தை முதலில் பரவலாக்கியவர் பில் கிராஸ். கலிஃபோர்னியாவில் அவர் 1998இல் நடத்திய கோ-டு என்னும் தளத்தில், ஒரு சொல்லுக்கு மிகுதியான விலை கூறியவரின் தளம் முதலிடம் பெற்றது. ஏலம் ஒரு சென்டிலிருந்து தொடங்கும். எவரேனும் இணைப்பைச் சொடுக்கினால் மட்டுமே பணம் செலுத்த வேண்டும். யார் எவ்வளவு தருகிறார் என்பதும் பட்டியலிலேயே அச்சிடப்பட்டிருந்தது. விற்பனைதான், ஆயினும் ஒளிவுமறைவற்ற விற்பனை. அந்நேர்மை பின்வந்தவர்களிடம் நிலைக்கவில்லை. 2001இல் ஓவர்ச்சர் எனப் பெயர் மாறிய அந்நிறுவனத்தை 2003இல் யாகூ வாங்கியது.

கூகுள் 2002இல் இம்முறையைத் திருத்தியமைத்தது. கூறிய விலையோடு, அவ்விளம்பரத்தை மக்கள் எத்துணை விரும்பிச் சொடுக்குகின்றனர் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டது. ஆகவே பொருத்தமான விளம்பரம் தருபவர் குறைந்த விலை கூறியும் மேலே வர இயலும். அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம், பணம் பெற்றுக் காட்டும் முடிவுகளைப் பிறவற்றிலிருந்து தெளிவாக வேறுபடுத்திக் காட்டுமாறு தேடுபொறி நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. இன்று அம்முடிவுகளின் தலைப்பில் காணும் சிறு குறிப்பு அக்கருத்தின் எச்சம் எனலாம். அதனைக் கவனியாது கடந்து செல்வோரே மிகுதி.

விலை கொடுத்து வாங்கும் இடம் வாடகை வீடு போன்றது. பணம் நின்ற நாளில் இடமும் போய்விடும். பணமும் தராது, மதிப்பும் ஈட்டாது, ஏமாற்றி மேலேற முயல்வோரும் உளர். பெரு நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. தேடுபொறிக்கென்று ஒரு பக்கமும் வருவோர்க்கு வேறொரு பக்கமும் காட்டி, முன்னதில் பழைய கார்களைக் குறிக்கும் சொல்லை மிகுதியாகத் திணித்து வைத்த காரணத்தால், பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் ஜெர்மானியத் தளத்தைக் கூகுள் 2006 பிப்ரவரியில் தன் அடைவிலிருந்தே நீக்கியது. பிழை களைந்தபின் சில நாட்களில் அது மீண்டும் சேர்க்கப்பட்டது. ஓர் அடியில் ஒரே சொல்லைப் பன்முறை திணித்தால் கவிதை ஆகாது என்பதைக் கவிஞர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

தமிழ்த் தளங்களின் இடர் வேறு. சாற்றுகவி பெறுவதற்கு முன், அடைவில் ஏறுவதே அவற்றுக்குப் பெரும்பாடாக இருந்தது. தொடக்கக் காலத் தளங்கள் பலவும் தத்தமக்கென ஓர் எழுத்துருவைக் கொண்டிருந்தன. திரையில் தமிழாகத் தெரிந்தது, பொறிக்குப் பொருளற்ற உரோமன் எழுத்துக் குவியலாகவே தெரிந்தது. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளை ஏற்றது. டிஸ்கியும் வழக்கில் இருந்தது. 1991இலேயே தமிழுக்கு இடம் தந்த ஒருங்குறி பரவலாவதற்குள் ஆண்டுகள் பல கழிந்தன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களை முதலில் டிஸ்கியில் அளித்துப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றியது. அவ்வாறு மாறாத தளங்களின் கவிதைகள் இன்றும் பரணில்தான் உள்ளன. கவிதையை ஒளிப்படமாக்கி வண்ணப் பின்னணியில் இடும் இன்றைய வழக்கமும் அதே பரணுக்குச் செல்லும் வழியாகும். படம் கண்ணுக்கு இனிது. அதனடியில் எழுத்து வடிவிலும் கவிதையை இட்டாலன்றி அடைவில் அது உறுதியாக ஏறாது.

ஒருங்குறியில் எழுதினாலும் கண்ணை ஏய்க்கும் பிழைகள் உண்டு. ஔவை என்பதை ‘ஔ’ என்னும் ஓரெழுத்தால் எழுதலாம். ‘ஒ’, ‘ள’ என ஈரெழுத்தாகவும் பலர் தட்டச்சிடுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. குறியீட்டளவில் அவை வெவ்வேறு சொற்கள். ‘எ’ என்னும் உயிரெழுத்தின் இடத்தில் ஏழைக் குறிக்கும் தமிழ் எண் ‘௭’ புகுந்துவிடுவதும் இத்தகையதே. இப்பிழைகளைப் பொறி தானே திருத்திக்கொள்ளும் என நம்பியிராமல், மெய்ப்புத் திருத்துவோர் களைவதே தக்கது.

அடுத்தது தலைப்பு. ‘கவிதை 17’ என்றும் ‘முகப்பு’ என்றும் தலைப்பிட்ட பக்கங்கள் எத்தனை! முடிவுப் பட்டியலில் வாசகர் முதலில் காண்பது பெரும்பாலும் அத்தலைப்பையே. இங்கே சங்கத் தொகுப்பாளர்கள் வழிகாட்டுகின்றனர். இயற்பெயர் அறியப்படாத புலவர்களுக்கு அவர்தம் பாட்டில் வந்த சிறப்பான தொடரையே பெயராக்கினர்: செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவர். படித்தவர் நெஞ்சில் எத்தொடர் தங்குமோ அத்தொடரே பெயராயிற்று. தேடுபவரும் நினைவில் நின்ற தொடரைத்தான் தட்டச்சிடுவார். ஆதலின் கவிதையின் முதலடியோ, உயிரான தொடரோ, கவிஞர் பெயருடன் பக்கத் தலைப்பில் இடம்பெற வேண்டும். சொற்கள் வேற்றுமை உருபேற்றும் புணர்ந்தும் வரும் மொழியில், இயல்பு வடிவம் ஓரிடத்திலேனும் இருப்பது நலம். மதுரையைப் பற்றிய கட்டுரை முழுவதும் ‘மதுரைக்கு’, ‘மதுரையின்’ என்றே அமைந்திருந்தால், தலைப்பிலாவது ‘மதுரை’ தனித்து நிற்கட்டும்.

தமிழ்ச் சொற்களும் இப்போது ஏலத்துக்கு வந்துவிட்டன. கூகுள் தன் விளம்பரத் திட்டத்தில் தமிழைச் சேர்த்தது 2018இல்தான். வேலி இல்லாமல் ‘கவிதை’ என்னும் பொதுச் சொல்லை விலைக்குக் கேட்பவர், வாழ்த்து மடலுக்கு இரண்டு வரி தேடுவோரையெல்லாம் காசு கொடுத்து அழைத்து வருவார். ‘குறிஞ்சித் திணை விளக்கம்’ எனக் கேட்பவர் சிலரைத்தான் பெறுவார். வருபவர் அதற்காகவே வருபவர். வேண்டாத சொற்களை விலக்குச் சொற்களாகக் குறித்து வைக்கவும் வழியுண்டு; சிறு முதலுடையோர்க்கு அதுவே முதற் காவல். முறையாகப் பதிவு பெற்ற தொண்டு அமைப்புகள், உரிய தகுதிகளை நிறைவு செய்தால், மாதந்தோறும் 10,000 டாலர் மதிப்புள்ள தேடல் விளம்பரங்களைக் கட்டணமின்றிப் பெறும் திட்டமொன்றையும் கூகுள் நடத்துகிறது. அவ்விளம்பரம் வாசகரை வாயில் வரை கொணரும். உள்ளே ஒருங்குறியில், பிழையின்றி, தக்க தலைப்புடன் கவிதை இருக்கிறதா என்று பார்ப்பது தளம் நடத்துவோர் பொறுப்பு.