கயிற்றை இழுக்குமுன்

(இளைஞர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



மலையேறுதல் என்றால் யாவர்க்கும் விளங்கும். கீழே நின்று சிகரத்தை நோக்கி ஏறுவது. இயலாவிட்டால் ஏறிய வழியே இறங்கிவிடுவது. இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்ட பொருள் இதற்கு நேர்மாறானது. மேலே நின்று பாறையின் வயிற்றுக்குள் இறங்குவது. இறங்கியபின் வந்த வழியே மீள முடியாமற் போவது. ஐக்கிய அமெரிக்காவின் யூற்றா, அரிசோனா ஆகிய மாநிலங்களிலே, ஆளரவமற்ற பாலைநிலத்துப் பாறைப்பிளவுகளுக்குள் கயிறும் கருவியும் கொண்டு இறங்கிச் செல்லும் பயணத்தையே குறிப்பிடுகின்றேன். இவ்வளவு ஒடுங்கிய பள்ளத்தாக்கை அங்குள்ளோர் 'ஸ்லொட் கன்யன்' என்பர்.

இப் பிளவுகள் எவ்வாறு உண்டாயின? அந் நிலப்பகுதியில் மிகுதியாகக் காணப்படும் நவாஹோ மணற்கல், ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் காற்றினாற் குவிந்த மணற்குன்றுகள் இறுகிக் கல்லானது. சயன் தேசியப் பூங்காவிலே அதன் தடிப்புச் சில இடங்களில் 2,000 அடியை எட்டும். மரஞ்செடி அருகிய வெறும் பாறையில் மழை பெய்தால் நிலம் அதனைக் குடிப்பதில்லை. பெய்த நீரெல்லாம் வழிந்து, பாறை வெடிப்புகளிற் புகுந்து, மணலையும் கல்லையும் வாரிக்கொண்டு அரம்போல் அராவுகின்றது. எண்ணற்ற ஆண்டுகள் இவ்வாறு அராவியதன் பயனாக, ஆழம் நூறடிக்கு மேற்பட்டிருக்க, அகலமோ ஒரு மனிதன் பக்கவாட்டில் நுழையும் அளவாகிவிடுகின்றது. உச்சிவெயிலிலும் அடியில் அரையிருள். மேலிருந்து வரும் ஒளி சுவருக்குச் சுவர் பட்டுத் தெறித்துச் செம்மையும் பொன்மையுமாய் இறங்கும். அழகென்றால் அத்துணை அழகு.

அந்த அழகைச் செதுக்கிய கை வெள்ளத்தின் கை என்பதை மறந்தவனுக்குத்தான் ஆபத்து. அரிசோனாவில் நவாஹோ மக்களின் நிலத்திலுள்ள அன்ரலோப் கன்யனின் மேற்பகுதிக்கு அவர்கள் இட்ட பெயருக்குப் 'பாறைகளினூடே நீர் ஓடும் இடம்' என்பது பொருள். பெயரே எச்சரிக்கையாக அமைந்திருக்கின்றது.

இனி, இறங்கும் முறையைச் சிறிது கூறுவேன். பயணி இடுப்பிலே வார்க்கட்டும், தலையிலே தலைக்கவசமும் அணிகின்றான். மரத்திலோ, பிளவில் இறுகச் சிக்கிய கல்லிலோ, பாறையில் அடித்த ஆணியிலோ உறுதியான நாடாவைக் கட்டி, அதிலே ஓர் உலோக வளையத்தை மாட்டுவார்கள். கயிறு அவ் வளையத்தினூடாகச் செல்லும். இடுப்புவாரிற் கொளுவிய உலோகக் கருவியிற் கயிற்றை வளைத்துவிட்டால், அதன் உராய்வு உடற்பாரத்தைத் தாங்கிக்கொள்ள, பயணி மெல்ல மெல்ல இறங்கலாம். மலையேறுவோர் விழும்போது ஏற்படும் அதிர்ச்சியைத் தணிக்க நீளும் கயிற்றைக் கொள்வர். இங்கே அதிகம் நீளாத கயிறே வேண்டும். நீளும் கயிறு பாரத்தில் ஆடிப் பாறை விளிம்பிலே தேய்ந்துவிடும்.

எல்லோரும் இறங்கியபின், கீழே நின்று கயிற்றின் ஒரு தலைப்பைப் பிடித்து இழுப்பார்கள். மறுதலைப்பு மேலேறி, வளையத்தைக் கடந்து, கயிறு முழுவதும் காலடியில் வந்து விழும். அடுத்த இறக்கத்திற்கு அக் கயிறு வேண்டுமாதலால் இழுத்தே ஆகவேண்டும். ஆனால் இழுத்த கணத்திலே வந்த வழி அடைபட்டுவிடுகின்றது. பின்னே ஏறமுடியாத செங்குத்துப் பாறை. முன்னே இன்னும் காணாத வழி. பிளவின் மறுவாயிலை அடைவதொன்றே வெளியேறும் மார்க்கம். 'ஆழமறியாமற் காலை விடாதே' என்று நம் மூதாட்டிகள் சொன்ன பழமொழி இவ்விடத்தில் எழுத்துக்கு எழுத்து உண்மையாகின்றது.

வழியிலே குழிகள் உண்டு. சுழித்தோடிய நீர் குடைந்த அக் குழிகளின் சுவர் வழவழப்பானது. உள்ளே விழுந்தவன் தனியே ஏறுதல் அரிது. ஒருவன் தோள்கொடுக்க மற்றவன் ஏறி, பின்னர் மேலேறியவன் கயிறு விட்டுக் கீழே நின்றவனைத் தூக்குவான். தேங்கிய நீரிலே சூரியன் படுவதில்லையாதலால், மேலே பாலைவெயில் கொளுத்தும்போதும் கீழே நீந்துபவன் குளிரால் விறைத்துப் போகலாம். அதற்கெனத் தடித்த றப்பர் போன்ற உடையை அணிவர்.

இன்னொரு வழக்கம் என் மனத்தை மிகவும் கவர்ந்தது. கயிறு கட்டிய இடத்தின் உறுதியில் ஐயம் இருப்பின், பாரங்கூடியவர் முதலில் இறங்குவார். அவர் இறங்கும்போது மேலே நிற்பவர்கள், கட்டு நழுவினாலும் அவரைத் தாங்கக்கூடியவாறு தம் உடலையே துணைக்கட்டாக்கி நிற்பர். பாரங்குறைந்தவர் கடைசியாக இறங்குவார். அவருக்குத் துணைக்கட்டு இல்லை. முன்னே சென்றவர்களின் பாரத்தை அக் கட்டுத் தாங்கியது என்ற சோதனையே அவருக்குக் காவல். பலமுள்ளவன் தன்னைச் சோதனைக்கு உட்படுத்தி மெலிந்தவனுக்கு வழி செய்யும் இம் முறை, எந்தச் சங்கமும் கற்றுக்கொள்ளத்தக்கது.

ஆயினும் கயிறும் கருவியும் திறமையும் மட்டும் போதா. மூன்று நிகழ்ச்சிகளைக் கேளுங்கள்.

1997ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி, அன்ரலோப் கன்யனின் கீழ்ப்பகுதிக்குள் வெள்ளம் பாய்ந்து 11 உல்லாசப் பயணிகள் மாண்டனர். வழிகாட்டி ஒருவரே தப்பினார். அவர்கள் நின்ற இடத்தில் மழை இல்லையென்றே சொல்லலாம். சில மைல்களுக்கப்பால் பெய்த மழை அவர்களைத் தேடி வந்தது. அங்கிருந்த மர ஏணிகள் அடித்துச் செல்லப்பட்டன. அதன்பின்னரே பாறையோடு இறுக்கப்பட்ட உலோக ஏணிகள் அமைக்கப்பட்டன.

2003ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் திகதி, ஏரன் றால்ஸ்ரன் என்னும் 27 வயது இளைஞர் யூற்றாவின் ப்ளூஜோன் கன்யனுக்குத் தனியே சென்றார். எங்கே போகின்றேன் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. ஏறத்தாழ 800 இறாத்தல் நிறையுள்ள கல் சரிந்து அவர் வலக்கையைச் சுவரோடு நெரித்தது. ஐந்து நாள் கழிந்தும் தேடி வருவார் எவருமில்லை. ஈற்றில் மழுங்கிய சிறு கத்தியால் தம் கையைத் தாமே அறுத்து விடுபட்டு, ஒற்றைக் கையுடன் 65 அடி கயிற்றில் இறங்கி உயிர் தப்பினார். அவருடைய மனவலிமையை உலகம் போற்றியது, போற்றட்டும். புறப்படுமுன் வீட்டிலே சொல்லியிருக்கக்கூடிய ஒரு வார்த்தை, அத்தனை வலிமைக்கும் தேவையில்லாமற் செய்திருக்கும்.

2015ஆம் ஆண்டு செப்ரெம்பர் 14ஆம் திகதி, சயன் பூங்காவின் கீஹோல் கன்யனில் எழுவர் வெள்ளத்தில் இறந்தனர். எழுவரும் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். ஆகவே இளமைத் துடுக்கு என்று தள்ளிவிடவும் இயலாது. வெள்ளம் வரும் வாய்ப்பு மிகுதி என்று வானிலையாளர் அன்று அறிவித்திருந்தனர். இறங்குவதா, விடுவதா என்ற முடிவைப் பூங்கா நிர்வாகம் அக்காலத்திற் பயணிகளிடமே விட்டிருந்தது. அன்று வேர்ஜின் ஆற்றின் வடகிளை வினாடிக்கு 55 கனஅடி என்ற நிலையிலிருந்து, ஏறத்தாழக் கால்மணி நேரத்தில் 2,630 கனஅடியாகப் பெருகியது. ஆற்றிலேயே இவ்வாறாயின், தோளகலப் பிளவுக்குள் நின்றவர் எங்கே ஒதுங்குவார்?

இம் மூன்றிலும் கயிறு அறுந்ததாக இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆபத்தின் வித்து மேலே நின்றபோதே விழுந்துவிட்டது. தொலைவிலுள்ள வானத்தைப் பார்ப்பது, போகுமிடத்தையும் திரும்பும் வேளையையும் ஒருவரிடம் சொல்லிவைப்பது, கூட்டத்தில் ஒருவர் 'இன்று வேண்டாம்' என்றால் அதை ஏளனஞ் செய்யாது கேட்பது ஆகிய யாவும் கயிற்றை இழுக்குமுன் செய்ய வேண்டியவை. இழுத்தபின் அவற்றை நினைப்பதாற் பயனில்லை.

நெடுந்தூரம் பயணஞ் செய்து, பொருள் செலவிட்டு, அனுமதிச்சீட்டும் பெற்று வந்தபின் திரும்புவது எளிதன்று. 'இவ்வளவும் வந்துவிட்டோமே' என்ற எண்ணமே அங்கே பெரும் பகை. இறங்குவதற்கு வேண்டிய துணிவு பலரிடம் உண்டு. தோழர் பார்த்திருக்க, முகில் திரண்ட வானத்தைக் காட்டித் திரும்பி நடக்கும் துணிவு சிலரிடமே உண்டு.

இளைஞர்களே, நீங்கள் துணிந்து பல வழிகளில் இறங்க வேண்டியவர்கள். தொழில், கடன், பிறநாட்டுப் பயணம் முதலியவற்றிலும் மீளாக் கயிறுகள் உண்டு. இறங்க வேண்டாமென்று நான் சொல்லவில்லை. பெரியோர்களே, அவர்களைத் தடுத்து நிறுத்துவதிலும், அவர்கள் இறங்கும்போது மேலே நின்று துணைக்கட்டாய்த் தாங்குவது மேலான பணி. பிளவின் அடியிலே நின்று அந்தச் செவ்வொளியைக் கண்டவர்கள், அது பட்ட பாட்டுக்குத் தகுமென்றே கூறுகின்றார்கள். கண்டு, மறுவாயிலால் வெளியேறி, வீடு வந்து சேர்ந்து அதைச் சொல்லக்கூடியவர்களாய் நீங்கள் இருக்க வேண்டுமென வாழ்த்தி, என் உரையை நிறைவு செய்கின்றேன்.