சிறு கோணலும் பெருஞ்சுமையும்



ஓர் அஞ்சலட்டையை நிமிர்த்தி வைத்து, அதன் மேல்விளிம்பை விரலால் அழுத்துங்கள். அட்டை நசுங்குவதில்லை, பக்கவாட்டில் வளைந்துவிடுகிறது. அதனையே குழலாகச் சுருட்டி ஒட்டி நிறுத்தினால், ஒரு புத்தகத்தையே தாங்கும். பொருள் ஒன்றே, வலிமை வடிவத்தினால் வந்தது. மெல்லிய பொருள்கள் நசுங்குமுன்னரே வளைந்து மடங்கும் இந்நிகழ்ச்சியை நெளிவு என்போம்.

நான் செய்த தவறு ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆசிரியனாயிருந்தபோது, மாணவர்களைக் காகிதக் குழல்கள் செய்யச் சொல்லி, எந்தச் சுமையில் அவை மடங்குகின்றன என்று அளக்கச் செய்தேன். ஒரு மாணவனின் ஏட்டில், ஒரே அளவான நான்கு குழல்களுக்கு நான்கு விதமான எண்கள் இருந்தன. ஒன்று மற்றவற்றில் பாதிகூட இல்லை. “ஐயா, அந்தக் குழலில் நகம் பட்ட வடு ஒன்று இருந்தது” என்றான். “வடு சிறிது, வேறுபாடோ பெரிது. உன் கவனக்குறைவே காரணம்” என்று மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

அவன் கண்டது என்ன? நீண்ட தூண் எச்சுமையில் வளையும் என்பதை ஆய்லர் 1744-இல் கணக்கிட்டார். நீளம் இருமடங்கானால், தாங்கும் சுமை நான்கில் ஒன்றாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெல்லிய உருளைகளுக்கும் அத்தகைய கணக்கு வகுக்கப்பட்டது. ஆனால் சோதனையில் பல உருளைகள் கணக்கிட்ட சுமையில் கால் பங்கிலேயே மடங்கின. ஒன்றுபோல் செய்த உருளைகளும் வெவ்வேறு சுமைகளில் மடங்கின.

1941-இல் கார்மானும் சியென்னும், நெளியத் தொடங்கிய உருளை மிகக் குறைந்த சுமையிலும் மடங்கிய நிலையில் நிற்கக்கூடும் என்று காட்டினர். 1945-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் கொய்ட்டர் என்பவர், தம் ஆய்வேட்டில், கண்ணுக்கும் எளிதில் புலப்படாத கோணலே இவ்வீழ்ச்சிக்குக் காரணமாகும் என நிறுவினார். அவர் கணக்கின்படி, சுவர்த் தடிப்பில் ஐந்தில் ஒரு பங்கான கோணலும் தாங்கும் சுமையை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும். டச்சு மொழியிலிருந்த அவ்வேடு இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது.

காரணம் எளிது. தூண் வளைந்த பின்னும் தன் சுமையை ஓரளவு தாங்கி நிற்கும். உருளையின் வலிமையோ அதன் வளைவான வடிவத்தில் இருக்கிறது. ஓரிடத்தில் வடிவம் கெட்டால் அவ்விடம் தளரும், அதன் சுமை அண்டையிடத்தின் மீது விழும், அதுவும் மடங்கும்.

சற்றுத் தடித்த உலோகத் தகடுகளில் வேறொரு புதிரும் எழுந்தது. அங்கே உலோகம் பழைய உருவுக்கு மீளாத குழைவு நிலையை அடைந்த பின்னரே நெளிவு நேர்கிறது. குழைவைப் பற்றி இரு கொள்கைகள் இருந்தன. இயற்பியல் முறைப்படி சரியானது சோதனைக்குப் பொருந்தவில்லை, குறையுடையதோ பொருந்தியது! 1953-இல் ஓனத், டிரக்கர் என்னும் இருவர், சிலுவை வடிவக் குறுக்குவெட்டுடைய தூணை எடுத்துக்கொண்டு, தவிர்க்கவியலாத மிகச் சிறு கோணலையும் கணக்கில் சேர்த்தனர். உடனே சரியான கொள்கையும் சோதனையை நெருங்கி வந்தது.

ஆதலால்தான் பொறியாளர் கணக்கில் வந்த சுமையை அப்படியே நம்புவதில்லை. சோதனை கற்பித்த அளவுக்கு அதைக் குறைத்துக்கொள்கின்றனர்.

இவற்றையெல்லாம் நான் படித்தறிந்தது ஓய்வு பெற்ற பிறகே. அம்மாணவன் இப்போது எங்கிருக்கிறானோ, அறியேன். அவன் வடுவையும் கண்டான். எண்ணையும் மறைக்காமல் எழுதினான். மாணவர்களே, உங்கள் ஏட்டில் பொருந்தாத எண் வந்தால் அதை அழித்துவிடாதீர்கள். பக்கத்தில் காரணத்தைத் தேடி எழுதுங்கள்.