காசு வருவதற்கு இலக்கம் வேண்டாம்

(மேற்பிரிவு வாசிகசாலையில் ஞாயிற்றுக்கிழமை நடைபெற்ற குடும்பக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. அவர் பேசிய நடையைப் பெரிதும் மாற்றாமல் தருகிறோம்.)



ஞாயிற்றுக்கிழமை என்றால் உங்களுக்கு ஓய்வு நாள் இல்லை. துணி துவைக்கணும், விறகுக்குப் போகணும், டவுனுக்குப் போய் சாமான் வாங்கணும். அதையெல்லாம் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பேசப் போகிறேன். இங்கே இருக்கிற எல்லோர் மடியிலும் இருக்கிற சாமானைப் பற்றிய விஷயம். அதுதான் போன்.

போனைப் பற்றி நம் லயத்தில் இரண்டு பேச்சு இருக்கிறது. பெரியவர்களைக் கேட்டால், "இந்தப் போன் வந்த பிறகுதான் பிள்ளைங்க கெட்டுப் போச்சு" என்பார்கள். இளம் பிள்ளைகளைக் கேட்டால், "போன் இல்லாட்டி இந்தக் காலத்துல வாழவே ஏலாது" என்பார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு பேருமே பேசாத ஒன்று இருக்கிறது. அதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

போனால் வந்த நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் மாதம் கொரோனாவினால் பாடசாலைகளை மூடினார்கள். நம் பிள்ளைகள் சிக்னல் தேடி மலை உச்சிக்கும் பாறைக்கும் ஏறிப் பாடம் படித்தார்கள். ஒரு போனை மூன்று பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்ட வீடுகளும் இருந்தன. நோயாளியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து லொறிக்காகக் காத்திருந்த காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இன்றைக்கு 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வருகிறது. அதற்குக் காசு இல்லை. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சேவை, பிறகு நாடு முழுவதற்கும் வந்தது. வெளிநாட்டில் வேலை செய்கிற மகளின் முகத்தை அடுப்படியில் இருந்துகொண்டே பார்க்கிறோம். ஆகவே போன் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை.

கடிதம் வாசித்த காலம்

இங்கே இருக்கிற வயசானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. அதற்குப் பிறகு நம் சொந்த பந்தங்களில் எத்தனையோ பேர் தலைமன்னாருக்கு ரயில் ஏறி, கப்பலில் இந்தியாவுக்குப் போனார்கள். எங்கள் பெரியப்பா குடும்பம் கூடலூருக்குப் போனது. அங்கே இருந்து கடிதம் வந்தால் என் அப்பாயி அதைச் சேலை முடிச்சில் வைத்துக்கொண்டு, வாசிக்கத் தெரிந்தவரைத் தேடி லயம் லயமாகப் போவார். நானும் பின்னாலேயே போவேன்.

வாசிக்கிறவர் நல்லவராக இருந்தால் உள்ளதை வாசிப்பார். சிலர் அவசரத்தில் பாதியை வாசித்துவிட்டு, "எல்லாரும் சுகமாம் ஆயா, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். வீட்டு ரகசியம் இருந்தால் மறுநாள் பேரட்டுக் களத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அப்பாயிக்கு வேறு வழி இல்லை. கைநாட்டு வைக்கிற மனுஷி.

அந்தக் காலம் போய்விட்டது என்று நினைக்கிறோம். போகவில்லை. கடிதம் போனுக்குள்ளே வந்திருக்கிறது. அவ்வளவுதான். இன்றைக்கும் எத்தனை அம்மாமார் போனை எடுத்துக்கொண்டு கடைப் பையனிடம் போகிறீர்கள்? "தம்பி, என்னமோ மெசேஜ் வந்திருக்கு, என்னான்னு பாரு" என்று கொடுக்கிறீர்கள். அன்றைக்கு மற்றவர் கைக்குப் போனது கடிதம் மட்டும். இன்றைக்கு அதோடு நம் பாஸ்புக்கும் போகிறது.

என் வீட்டில் நடந்தது

ஊரார் கதையைச் சொல்லவில்லை. என் சொந்தத் தங்கச்சிக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவள் முப்பத்தைந்து வருஷம் மலையில் கொழுந்து எடுத்தவள். மகள் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். காம்பராவுக்குப் பக்கத்தில் ஒரு அறை இறக்குவதற்கு என்று மகள் அனுப்பிய காசு 65,000 ரூபாய் பேங்கில் இருந்தது.

ஒரு நாள் காலை பத்து மணிக்குப் போன் வருகிறது. நல்ல தமிழில் பேசுகிறான். "அம்மா, பேங் ஹெட் ஆபிஸில் இருந்து பேசுறேன். மகள் அனுப்பின காசு நிற்குது. உங்க காட் புதுப்பிக்கலை. இப்பவே செய்யாட்டி காசு திரும்பிப் போயிரும்" என்கிறான். இவளுக்குப் பதறிப் போய்விட்டது. காட்டின் முன்பக்கத்தில் இருந்த இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். பின்பக்கத்து மூன்று இலக்கத்தையும் கேட்டான், அதையும் சொன்னாள். "இப்ப ஒரு மெசேஜ் வரும், அதில் இருக்கிற ஆறு இலக்கத்தைச் சொல்லுங்க" என்றான்.

மெசேஜ் வந்தது, இங்கிலீஷில். இவள் ஓடிப் போய்க் கடைப் பையனிடம் காட்டினாள். அவன் கடையில் ஆள் நின்ற அவசரத்தில் ஆறு இலக்கத்தை மட்டும் வாசித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தான். இவள் அதை அப்படியே அவனிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு மூன்று மெசேஜ் வந்தது. காசு வெளியே போன மெசேஜ். அதை யாரும் வாசிக்கவில்லை. பின்னேரம் பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து போனைப் பார்த்துவிட்டு, "அம்மாயி, காசு போயிருச்சே" என்று அழுதாள். காலையில் முதலாவது மெசேஜை வாசித்து உடனே பேங்குக்குச் சொல்லியிருந்தால் மிச்சத்தையாவது காப்பாற்றப் பார்த்திருக்கலாம். கணக்கில் மிஞ்சினது 400 ரூபாய்.

இன்னொன்றையும் சொல்லணும். அந்த இலக்கம் வந்த மெசேஜிலேயே, "இதை யாருக்கும் சொல்ல வேண்டாம்" என்று ஒரு வரி இருந்தது. இலக்கத்தை வாசித்த பையன் அந்த வரியை வாசிக்கவில்லை.

தங்கச்சி பதினொரு நாள் இதை என்னிடம் மறைத்தாள். வெட்கம். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். முப்பது வருஷம் ஊரார் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவன் நான். சொந்தத் தங்கச்சிக்கு ஒரு மெசேஜை வாசிக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. வெட்கப்பட வேண்டியவன் நான்தான்.

அந்த ஆறு இலக்கம் என்ன?

பேங்கில் இருக்கிற காசு ஒரு பெட்டிக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காட் இலக்கம் தெரிந்தவன் பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன். அது மட்டும் இருந்தால் திறப்பது கஷ்டம். அவன் காசை எடுக்கப் பார்க்கிற நேரத்தில் பேங்க் ஒரு சந்தேகம் கேட்கிறது: "இதைக் கேட்கிறது உண்மையிலேயே இந்த அம்மாதானா?" அதைத் தெரிந்துகொள்வதற்காக உங்கள் போனுக்கு ஓர் இலக்கம் அனுப்புகிறது. அதற்கு ஓ.டி.பி. என்று பேர். ஒரே தடவைதான் வேலை செய்யும். சில நிமிஷத்தில் செத்துப் போகும். அதனால்தான் கள்ளன் "சீக்கிரம், சீக்கிரம்" என்று அவசரப்படுத்துகிறான்.

அந்த இலக்கம்தான் சாவி. சாவி உங்கள் கையில் இருக்கிறது. கள்ளன் பூட்டை உடைக்கவில்லை. அம்மா என்று கூப்பிட்டு உங்கள் கையாலேயே சாவியை வாங்குகிறான்.

இப்போது நான் சொல்வதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை மறந்தாலும் பரவாயில்லை. காசு வருவதற்கு இலக்கம் வேண்டாம். காசு போவதற்குத்தான் இலக்கம் வேண்டும். உங்களுக்குக் காசு அனுப்புகிறவருக்கு உங்கள் பேரும், பேங்கின் பேரும், கணக்கு இலக்கமும் போதும். பரிசு விழுந்திருக்கிறது என்றாலும், நிவாரணம் வந்திருக்கிறது என்றாலும், மகள் அனுப்பிய காசு நிற்கிறது என்றாலும் சரி, ஓ.டி.பி.யையோ ஏ.டி.எம். இரகசிய இலக்கத்தையோ கேட்டால் அவன் காசு தர வந்தவன் இல்லை, எடுக்க வந்தவன். ஒன்றும் பேச வேண்டாம். போனை வையுங்கள்.

தராசு வாசிக்கத் தெரிந்தவர்கள்

"வாத்தியார், நாங்க படிக்காத ஆளுங்க, எங்களுக்கு இதெல்லாம் வராது" என்று சிலர் சொல்வீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது உங்களைப் பார்த்திருக்கிறேன். தராசில் விழுகிற இலக்கத்தைத் தள்ளி நின்றே வாசிப்பீர்கள். ஈரத்துக்கு என்றும் சாக்குக்கு என்றும் ஒரு கிலோ கூடக் கழித்தால் கணக்கப்பிள்ளையோடு நியாயம் பேசுவீர்கள். சம்பளத் துண்டில் ஒரு நாள் பேர் குறைந்தால் ஆபிஸ் வாசலில் போய் நிற்பீர்கள். தராசில் இருக்கிற அதே பத்து எழுத்துத்தான் போனிலும் இருக்கிறது. மெசேஜ் இங்கிலீஷில் வந்தாலும் சிங்களத்தில் வந்தாலும் இலக்கம் ஒன்றுதான். காசு மெசேஜில் ஒரு தொகை வந்தால் அது வந்ததா போனதா என்று தெரிந்தால் போதும். அதற்கு ஒன்றிரண்டு இங்கிலீஷ் சொல்லைப் பிள்ளைகளிடம் கேட்டு, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டி வைக்கலாம். ஒரு கிலோ கொழுந்துக்குப் பேசுகிற நாம், அறுபத்தையாயிரம் ரூபாய்க்கு வாயை மூடிக்கொண்டு இருக்கலாமா?

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் நூற்றுக்கு 8 கழிகிறது, தோட்டம் நூற்றுக்கு 12 போடுகிறது. வாழ்நாள் முழுதும் மழையிலும் அட்டைக் கடியிலும் சேர்த்த அந்தக் காசு, வேலையை விட்டு நிற்கும்போது ஒரேயடியாகப் பேங்க் கணக்கில் வந்து விழும். அன்றைக்கு ஒருவன் போன் எடுத்தால் என்ன ஆகும்? தங்கச்சிக்குப் போனது ஓர் அறை. அது போனால் வயசான காலத்துக் கஞ்சியே போகும்.

வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டியது

முதலாவது, சிம் யாருடைய பேரில் இருக்கிறது என்று பாருங்கள். மகன் பேரில், மருமகன் பேரில், கடைக்காரர் பேரில் எடுத்த சிம்மைப் பாவிக்கிற அம்மாமார் நிறையப் பேர். போன் தொலைந்தால் அதே இலக்கத்தைத் திரும்ப வாங்குவது கஷ்டம். அடையாள அட்டையைக் கொண்டுபோய் உங்கள் பேருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, இரகசிய இலக்கத்தைக் காட்டின் பின்னால் எழுதி வைக்காதீர்கள். காட்டையும் இலக்கத்தையும் சேர்த்து மற்றவரிடம் கொடுத்து, "எடுத்துட்டு வா" என்று அனுப்பவும் வேண்டாம். கொடுக்கிறவர் நம்பிக்கையான ஆளாக இருக்கலாம். ஆனாலும் காட் உங்களுடையது.

மூன்றாவது, போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றச் சொல்லுங்கள். இப்போது வருகிற பெரும்பாலான போனில் அந்த வசதி இருக்கிறது. எழுத்து வராதவர்கள் வாட்ஸ்அப்பில் குரலிலேயே பேசி அனுப்பலாம். அதற்கு யாருடைய உதவியும் வேண்டாம்.

நான்காவது, ஏமாந்துவிட்டால் மறைக்காதீர்கள். காட்டின் பின்பக்கத்தில் இருக்கிற பேங்க் இலக்கத்துக்கு உடனே அடித்து, காட்டை நிறுத்தச் சொல்லுங்கள். மெசேஜை அழிக்க வேண்டாம், அதுதான் சாட்சி. பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். வீட்டு ஆம்பிளைகளுக்கும் சொல்கிறேன். ஏமாந்து வந்தவளை ஏச வேண்டாம். ஏச்சுக்குப் பயந்துதான் என் தங்கச்சி பதினொரு நாள் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பதினொரு நாளும் கள்ளனுக்குத்தான் லாபம்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

பின்னால் நிற்கிற பிள்ளைகளே, உங்களுக்குத்தான் கடைசி வார்த்தை. வீடியோ பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் அந்தப் போனில் என்னென்ன செய்யலாம் என்று எங்களை விட உங்களுக்குத் தெரியும். உங்களைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ரீலோட் காசு அம்மாவின் கூடையில் இருந்து வருகிறது. அதற்கு வட்டியாக ஒரு வேலை செய்யுங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் அம்மாவுக்கோ அம்மாயிக்கோ பக்கத்தில் உட்காருங்கள். போனை நீங்கள் பிடிக்காமல் அவர்கள் கையில் கொடுங்கள். மெசேஜைத் திறக்கவும், இலக்கத்தை வாசிக்கவும், தெரியாத ஆள் பேசினால் சிவப்புப் பொத்தானை அமுக்கவும் பழக்குங்கள். இரண்டு தரம் பிழைத்தால், "ஐயோ, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று பிடுங்காதீர்கள். நீங்கள் நடை பழகும்போது அவர்கள் அப்படிச் சொல்லவில்லை.

தங்கச்சி இப்போது ஒவ்வொரு பின்னேரமும் பேத்தியிடம் படிக்கிறாள். போன மாதம் மகள் அனுப்பிய காசு வந்த மெசேஜை அவளாகவே வாசித்து, என் வீட்டு வாசலுக்கு வந்து தொகையைச் சொன்னாள். ஒரு சதம் பிழையில்லை. அந்த அறை இன்னும் இறக்கவில்லை. ஆனால் இறக்குவாள்.

அடுத்த ஞாயிறு இதே வாசிகசாலையில் பத்து மணிக்கு நான் இருப்பேன். போனை எடுத்துக்கொண்டு வாங்க. கூட ஒரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்க. பத்தாம் திகதி சம்பளம் விழுவதற்கு முன்னால், அந்த மெசேஜை நீங்களே வாசிக்கிற அளவுக்குப் பழகிக்கொள்வோம்.