எட்டு மணி நேரமும் வைமார் குடியரசும்

எட்டு மணி நேரத்திற்கு ஒரு ஷிப்டு என்ற கணக்கு மண்ணூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைகளில் இயல்பானதாகக் கொள்ளப்படினும், 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட தொழிற்சாலைகள் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு வலுத்ததால் மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்ட நிகழ்வு, அக்கணக்கு எவ்வளவு எளிதில் கலையக்கூடியது என்பதைக் காட்டியது. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியில் இதே கணக்கு வைமார் குடியரசோடு உடன்பிறந்து, அதன் குழந்தைப் பருவத்திலேயே கைவிடப்பட்டது.

1918 செப்டம்பர் இறுதியில் போர்நிறுத்தம் கேட்குமாறு வற்புறுத்தியவர் படைத்தலைவர் லூடன்டார்ஃப். ஆயினும் நவம்பர் 11 அன்று அதில் கையெழுத்திட்டவர் எர்ஸ்பெர்கர் என்ற அரசியல்வாதி. தோல்வியின் பழி இவ்வாறு படையை விட்டு விலகிக் குடியரசின் தலையில் விழுந்தது. 1921-இல் எர்ஸ்பெர்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். நவம்பர் 9 அன்று குடியரசு அறிவிக்கப்பட்ட ஆறாம் நாளில், தொழிலதிபர் ஹ்யூகோ ஸ்டின்னஸும் தொழிற்சங்கத் தலைவர் கார்ல் லீகியனும் ஓர் உடன்பாடு கண்டனர். முதலாளிகள் சங்கங்களை அங்கீகரித்து எட்டு மணி நேர வேலைநாளை ஏற்றனர். சங்கங்கள் ஆலைகளைப் பொதுவுடைமையாக்கும் கோரிக்கையை ஒதுக்கிவைத்தன. சென்னை பெரம்பூர் ஆலைத் தொழிலாளரிடையே சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதும் அதே 1918-இல்தான்.

இவ்வுடன்பாட்டின் உண்மையான மதிப்பு 1920 மார்ச்சில் விளங்கிற்று. மார்ச் 13 அன்று காப் என்பவரின் தலைமையில் வலதுசாரிப் படையினர் பெர்லினைக் கைப்பற்றியபோது, படைவீரர் மீது படைவீரர் சுடமாட்டார் என்று ராணுவத் தலைமை ஒதுங்கிக்கொள்ள, அரசு தலைநகரை விட்டு வெளியேறியது. குடியரசுக்காக எழுந்தவர்கள் தொழிலாளர்களே. பொது வேலைநிறுத்தத்தால் மின்சாரம் நின்றது, டிராம் வண்டிகள் ஓடவில்லை, நாளிதழ்கள் அச்சாகவில்லை. தன் ஆணைகளை அச்சிடவும் வழியற்றுப் போன காப், நான்கே நாளில் ஓடிப்போனார். அடுத்த சில வாரங்களில் ரூர் நிலக்கரி வட்டாரத்தில் ஆயுதம் ஏந்திய தொழிலாளர் மீது, அன்று ஒதுங்கி நின்ற அதே ராணுவம் ஏவப்பட்டது. காப்பாற்றிய கைகளுக்கு இக்குடியரசு அளித்த இந்தக் கைம்மாறு மன்னிக்கத்தக்கதன்று.

1919 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு பெண்களின் வாக்குரிமையையும் சங்கம் சேரும் உரிமையையும் உறுதிசெய்த உயர்ந்த சாசனம். எனினும் நெருக்கடிக் காலத்தில் குடியரசுத் தலைவர் அவசர ஆணைகளால் ஆள இடமளித்த அதன் 48-ஆம் பிரிவே குடியரசின் முறிவுக்குக் காரணமாக மிகுதியாகப் பேசப்படுகிறது. ஆலை வாசலில் நேர்ந்த முறிவு அவ்வளவு பேசப்படவில்லை. உடன்பாட்டில் கையெழுத்திட்ட ஸ்டின்னஸே, நாட்டை மீட்க நாள்தோறும் இரண்டு மணி நேரம் கூடுதலாக உழைக்க வேண்டும் என்று 1922-இல் வாதிட்டார். 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்னும் அளவுக்கு நாணயம் சரிந்தபோது சங்கங்களின் சேமிப்பும் அதனுடன் கரைந்துவிட்டது. அவ்வாண்டு டிசம்பர் 21-இல் பிறந்த அரசாணை, எட்டு மணி நேரத்தைப் பெயரளவில் வைத்துக்கொண்டு பத்து மணி நேர வேலைக்கு அனுமதி தந்தது. ரூர் இரும்பாலைகளில் பழைய இரண்டு ஷிப்டு முறை திரும்பியது. 1924 ஜனவரியில் தொழிற்சங்கக் கூட்டமைப்பு, முதலாளிகளோடு 1918-இல் அமைத்த கூட்டு அமைப்பிலிருந்து விலகிக்கொண்டது.