ஈறில் இரத்தம் வந்தால் இருந்துவிடாதீர்கள்

(யாழ்ப்பாணம் திருநெல்வேலியில், மலையகத்திலிருந்து வந்து படிக்கும் மாணவர்கள், அவர்களைப் பார்க்க வந்த பெற்றோர் மத்தியில் நமது சங்க அமைப்பாளர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம் என்று வந்திருப்பீர்கள். இன்றைக்குப் பல்லைப் பற்றிப் பேசப் போகிறோம். சிரிக்கிறீர்கள், நல்லது. சிரிக்கும்போது எத்தனை பேர் கையால் வாயை மூடிக்கொள்கிறோம் என்று மட்டும் பக்கத்தில் பாருங்கள்.

இங்கே முரசு என்பதைத்தான் மலையில் நாங்கள் ஈறு என்கிறோம். ஈறு நோயைப் பற்றிப் பல் வைத்தியம் படிக்கும் பிள்ளைகள், நமது ஆட்களைப் பற்றியும் படிக்கிறார்கள். 1970இல் ஹரால்ட் லோ என்ற நோர்வேக்காரப் பேராசிரியரும் அவருடைய குழுவும் இலங்கையில் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 இளம் ஆண் தொழிலாளர்களின் வாயைப் பார்த்து அளவெடுத்தார்கள். ஒஸ்லோ நகரத்தின் மாணவர்களையும் படித்தவர்களையும் அதேபோல அளந்தார்கள். ஒஸ்லோப் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே பல் வைத்தியம் இருந்தது. நம்மவர்களுக்குப் பிரஷும் இல்லை, பல் வைத்தியரும் இல்லை. நோயைத் தன் பாட்டில் விட்டால் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க, அதனால்தான் நம்மைத் தேடி வந்தார்கள்.

15 வருடம் திரும்பத் திரும்ப அளந்தபின் 1986இல் எழுதினார்கள். நூற்றுக்கு 8 பேருக்கு நோய் வேகமாக ஓடியது. இருபது வயதிலேயே பல் விழத் தொடங்கி, 45 வயதில் வாயில் பல்லே இல்லை. 81 பேருக்கு மெதுவாகப் போனது. முப்பதுக்குப் பிறகு பல் விழத் தொடங்கி, 45இல் சராசரியாக 7 பல் போயிருந்தது. மீதி 11 பேருக்கு ஈறு வீங்கியிருந்ததே தவிர, அதற்கு மேல் போகவில்லை. இத்தனைக்கும் அவர்களுக்குச் சொத்தைப் பல் ஏறக்குறைய இல்லை. விழுந்த பல்லெல்லாம் ஈறு நோயால் விழுந்ததுதான்.

“எங்கள் தாத்தா பல்லே விளக்கியதில்லை, கரும்பு கடித்துத் தின்றார்” என்று லயத்துக்கு ஒருவர் சொல்வார். அந்தத் தாத்தா 11 பேரில் ஒருவர். பேரன் எந்தக் கூட்டத்தில் இருக்கிறான் என்று பல் ஆடும்வரை யாருக்கும் தெரியாது.

அளந்தவர்களை நாங்கள் ஏசவில்லை. அவர்கள் எழுதி வைத்ததால்தான் இந்தக் கணக்கைச் சொல்ல முடிகிறது. ஆனால் இத்தனை வருடம் அளக்க ஆள் வந்த லயத்துக்கு, வைத்தியம் பார்க்க ஏன் ஆள் வரவில்லை? தோட்ட நிர்வாகமும் அரசாங்கமும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. 2010இல் திரும்பத் தேடிப் போனபோது 75 பேரைத்தான் பார்க்க முடிந்தது.

இந்த நோய் வலிக்காது. அதுதான் இதன் வஞ்சகம். பல்லோரத்தில் அழுக்குப் படை படியும். துடைக்காவிட்டால் அது காரையாக இறுகிவிடும். அதில் இருக்கும் கிருமியால் ஈறு சிவந்து வீங்கி, விளக்கும்போது இரத்தம் வரும். வாய் நாறும். இந்தக் கட்டத்தில் முழுக்கச் சரியாக்கலாம். 1965இல் லோ டென்மார்க்கில் 12 பேரைப் பல் விளக்காமல் இருக்கச் சொன்னார். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. திரும்ப விளக்கத் தொடங்கியதும் ஒரு வாரம் அளவில் ஆறிவிட்டது. விட்டுவிட்டால் நோய் உள்ளே இறங்கி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பைத் தின்னும். ஈறு கீழிறங்கிப் பல் நீளமாகத் தெரியும், இடைவெளி விழும், சீழ் வரும், பல் ஆடும். போன எலும்பு பெரும்பாலும் திரும்ப வராது.

இரத்தம் வருகிறது என்று பல் விளக்குவதை நிறுத்துகிறோமே, அது தலைகீழான வேலை. மெல்லிய நாருள்ள பிரஷை ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சற்றுச் சாய்த்து வைத்து, மெதுவாக, காலையிலும் படுக்கும் முன்னும் இரண்டு நிமிடம் விளக்க வேண்டும். பற்பசை புளோரைட் உள்ளதாக இருக்கட்டும். நார் விரிந்த பிரஷை மாற்றிவிடுங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு பிரஷ் என்பது கூடவே கூடாது. கரித்தூளும் செங்கல் தூளும் பல்லைத் தேய்த்துவிடும்.

இறுகிய காரை பிரஷுக்குப் போகாது. வைத்தியர்தான் கருவியால் எடுக்க வேண்டும். அரசாங்க வைத்தியசாலைப் பல் கிளினிக்கில் காசு வாங்கமாட்டார்கள். “காரை எடுத்தால் பல் ஆடும்” என்ற கதையை நம்பாதீர்கள். ஏற்கனவே ஆடிய பல்லைக் காரை முட்டுக் கொடுத்து மறைத்திருக்கும், அவ்வளவுதான். நோய் ஆழமாகப் போயிருந்தால் ஈறுக்குக் கீழே வேரையும் சுத்தம் செய்வார்கள். கடையில் வாங்கும் வலிக் குளிசையும் கராம்பெண்ணெயும் நோயை ஆற்றாது. முகம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால், விழுங்கக் கஷ்டமாக இருந்தால், அன்றைக்கே போக வேண்டும்.

சீனி வியாதி உள்ளவர்கள் கூடுதலாகக் கவனியுங்கள். சீனி கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சீனியைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டம். கர்ப்பிணிகளுக்கும் ஈறு சுலபமாக வீங்கும். கிளினிக்குக்குப் போகும்போது மருத்துவமாதுவிடம் பல்லையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பீடி, சிகரெட் குடிப்பவர்களுக்கு இரத்தம் குறைவாக வரும். அது நல்ல அறிகுறி இல்லை, நோய் மறைந்திருக்கிறது.

இனி வெற்றிலை. குளிரிலும் மழையிலும் கொழுந்து எடுக்கிறவர் ஏன் போடுகிறார் என்று நமக்குத் தெரியும். பசியை அடக்கும், கை ஓடும். வைக்கிற உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் புகையிலையை அடக்கி வைக்கும் இடத்தில் ஈறு கழன்று இறங்குகிறது. பாக்கு மட்டுமே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் முடிவு சொல்லிவிட்டது. நம் நாட்டில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். வாயில் வெள்ளைத் தழும்போ, இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ இருந்தால் காட்டுங்கள். தம்பி தங்கைகளே, லீவுக்குப் போகும்போது அப்பா கேட்டார் என்று யாழ்ப்பாணப் புகையிலை கட்டிக்கொண்டு போகாதீர்கள். அந்தக் காசுக்கு வீட்டில் ஆளுக்கொரு பிரஷ் வாங்கலாம்.

கடைசியாக, கிளினிக் இலவசம்தான், ஆனால் போனால் பேர் போகிறது. டவுனுக்கு பஸ் காசு, நாள் முழுக்க வரிசை. பல் வலிக்காத நாளில் யார் போவார்? அதனால் தோட்டக் கமிட்டிகள் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். நடமாடும் பல் கிளினிக்கை வருடத்துக்கு ஒரு தடவையாவது தோட்டத்துக்குக் கூப்பிட வேண்டும். அன்றைக்குப் பார்க்கப் போகிறவருக்கு அரைப்பேர் வெட்டாமல் முழுப்பேர் போட வேண்டும். ஈறில் இரத்தம் வருகிறவர், பல் ஆடுகிறவர் பெயர்களை லயம் லயமாக எழுதி, அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். கடிதத்தோடு அந்தப் பட்டியலையும் சேர்த்துக் கொடுப்போம்.